அப்படி ஒருவரும் இல்லை

மே 30

அக்காவுக்கு,

வீடு வந்து சேர்ந்துவிட்டேன். நீ கேட்கப் போவதில்லை, நானே சொல்லிவிடுகிறேன். இரண்டாவது பஸ் வழியில் நின்றுவிட்டது. காலி கேன்களோடு திரும்பிக்கொண்டிருந்த எங்கள் பால் வண்டியில் தொற்றிக்கொண்டு வந்தேன். அந்தச் சாலையில் எத்தனை குழி இருக்கிறது என்று இப்போது எனக்குத் துல்லியமாகத் தெரியும். ஊசி குத்திய இடம் ஒன்றைக்கூட விடாமல் எண்ணிக்கொண்டு வந்தது.

உன் வீட்டுப் படிக்கட்டில் நின்று நான் சொன்னது தப்பு. பிள்ளையில்லாத வீட்டில் விலாசமாவது யாருக்காவது உபயோகப்படட்டுமே என்று கேட்டிருக்கக் கூடாது. வாய் தவறி வந்தது என்று பொய் சொல்ல மாட்டேன். "என் வீடு என்ன தங்குமடமா?" என்று பக்கத்து வீட்டுக்காரி காதில் விழும்படி நீ கேட்டாய். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. எது உனக்கு வலிக்குமோ அதைத் தேடி எடுத்தேன்.

நீ என்னை முழுதாகப் பேச விடவில்லை, அதனால் எழுதுகிறேன். ஏழு மாதமாக இடது மார்பில் கட்டி. சந்தை ஊர் டாக்டர் பார்த்துவிட்டு, "பால் கட்டிதாம்மா, தானா கரைஞ்சிடும்" என்று களிம்பு எழுதிக் கொடுத்தார். என் பெண்ணுக்குப் பதினேழு வயதாகிறது. இன்னுமா பால் கொடுக்கிறேன் என்று நினைத்தார் அந்த மனுஷர்? பால் நிலையத்தில் வேலை பார்க்கிறவளுக்கு எல்லாமே பாலாகத்தான் இருக்கும் என்று முடிவு கட்டிவிட்டாரோ என்னவோ. வாரத்தில் இரண்டு நாள் எங்கள் ஊருக்கு வரும் நர்ஸம்மாதான் தொட்டுப் பார்த்து முகம் மாறிப் போய், "இனிமே இங்க யார்கிட்டயும் காட்டாதீங்க. நேரா சிட்டிக்குப் போங்க" என்றாள்.

போனேன். புற்றுநோய் ஆஸ்பத்திரிக் கவுண்டரில் இருந்தவர் தலை நிமிராமலே "எந்த ஊரு?" என்றார். சொன்னேன். "நகர எல்லைக்குள்ள இருக்கறவங்களைத்தான் இங்க நேரடியாப் பாப்போம். உங்களுக்கு மாவட்ட ஆஸ்பத்திரி." அந்த ஆஸ்பத்திரியில் மார்பைப் படமெடுக்கும் மிஷின் வந்து ஒரு வருஷமாகப் பெட்டி பிரிக்காமல் கிடக்கிறது. பின்னால் நாற்பது பேர் நெருக்குகிறார்கள். "அக்கா வீட்லதான் சார் இருக்கேன்" என்று உன் விலாசத்தைச் சொல்லிவிட்டேன். பதிவேட்டில் ஏறியதும் ஒரே நிமிஷத்தில் நான் நகரத்துக்காரி. அன்றைக்கே படம், அன்றைக்கே ஊசி போட்டுச் சதை டெஸ்ட்.

முடிவு ஐந்து வாரத்தில் தபாலில் வருமாம். வந்தால் அப்படியே பால் நிலைய விலாசத்துக்கு அனுப்பு. வீட்டுக்கு வேண்டாம். பெண் பரீட்சைக்குப் படிக்கிறாள், அவளுக்கு ஒன்றும் தெரியாது. இவர் லாரியோடு போனால் மாதம் ஒரு தடவைதான் தலை காட்டுகிறார், அவரிடமும் சொல்லவில்லை. உன்னிடம்தான் சொன்னேன்.

நான் கேட்பது ஒரே ஒரு கவர், அக்கா. வேறொன்றும் இல்லை.

உன் தங்கை


ஜூன் 8

தங்கைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மன்னிப்புக் கேட்கிற கடிதத்தில்கூட உன்னால் சும்மா இருக்க முடியவில்லை. பரவாயில்லை, நீ சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

ஒன்றைப் புரிந்துகொள். நீ சொன்ன விலாசம் எனக்கு மட்டும் சொந்தமானது இல்லை. உன் அத்தான் நகராட்சியில்தான் வேலை பார்க்கிறார். எந்த வீட்டில் யார் குடியிருக்கிறார்கள் என்ற பட்டியலே அவர் பிரிவில்தான் இருக்கிறது. பதவி உயர்வுக்கு அவர் பெயர் போயிருக்கிற நேரம். சுகாதாரப் பிரிவிலிருந்து சில வீடுகளுக்கு ஆள் வந்து சரிபார்க்கிறார்கள். "இப்படி ஒருவர் உங்கள் வீட்டில் இருக்கிறாரா?" என்று அவரைக் கேட்டால் அவர் என்ன சொல்வார்? அவருக்கு இதுவரை தெரியாது. தெரிந்தால் வீடு இரண்டாகும்.

நான் பள்ளிக்கூட ஆபீசில் இருபத்திரண்டு வருஷமாகச் சான்றிதழ் எழுதுகிறேன். ஒரு தேதி மாற்றி எழுதச் சொல்லி எத்தனையோ பேர் அழுதிருக்கிறார்கள். ஒரு தடவைகூட நான் செய்ததில்லை. நீ என்னடாவென்றால் என்னைக் கேட்காமலே என்னைப் பொய்க்காரி ஆக்கிவிட்டுப் போயிருக்கிறாய்.

ஆஸ்பத்திரிக்குப் போய் விலாசத்தை மாற்று. இதுவரை எந்தக் கவரும் வரவில்லை.

வேளாவேளைக்குச் சாப்பிடு. பிள்ளையைப் படிக்க விடு, மாட்டுக் கொட்டகைக்கு அனுப்பாதே.

அக்கா


ஜூலை 9

அக்கா,

கவர் வந்ததா?

விலாசத்தை மாற்றினால் என் பெயரை அடித்துவிட்டு மாவட்ட ஆஸ்பத்திரிக்கு எழுதிவிடுவார்கள் என்று நர்ஸம்மா சொல்கிறாள். ஐந்து வாரம் முடிந்து ஆறாவதும் ஓடுகிறது. காலையும் மாலையும் பால் எடுக்க வேண்டும். நான் ஒரு நாள் வராவிட்டால் அறுபது வீட்டுப் பால் கெட்டுப் போகும். சும்மா கேட்டுவிட்டு வருவதற்கென்று இரண்டு நாள் எடுக்க முடியவில்லை. இங்கே எல்லாரும், "கெட்ட சேதின்னா இந்நேரம் ஓடி வந்திருக்கும், ஒண்ணும் இருக்காது" என்கிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

மாதிரிப் பால் எடுக்கும் சீசாவின் தக்கை இருக்கிறதே, மேயில் கட்டி அந்தத் தக்கை அளவு இருந்தது. இப்போது அதை விடப் பெரிது.

ஒரு வரி எழுது, போதும்.

தங்கை


ஜூலை 17

அன்புள்ள தங்கைக்கு,

எந்தக் கவரும் வரவில்லை. தினமும் பார்க்கிறேன். வராததே நல்லது என்று எடுத்துக்கொள். ஏதாவது இருந்தால் ஆஸ்பத்திரிக்காரர்கள் சும்மா இருப்பார்களா?

படிக்கட்டில் நடந்ததை நான் மறந்துவிட்டேன். நீயும் மறந்துவிடு. உடம்பு தேற என்று சத்து மாத்திரையும், பிள்ளைக்கு இரண்டு பேனாவும், உனக்கு ஒரு கம்பளிச் சால்வையும் தனிப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். கனமான கேன்களைத் தூக்காதே. வண்டிக்காரரைத் தூக்கச் சொல்.

வேறொரு விஷயம் கேட்க வேண்டும். அம்மாவுக்குக் கடைசியில் என்ன வியாதி? வயிற்று வலி என்றுதானே எல்லாரிடமும் சொன்னோம். நான் அப்போது ஹாஸ்டலில் இருந்தேன். நீதான் கூட இருந்தாய். மேலே இறுக்கித் துணி கட்டியிருந்தாள் என்று எனக்கு அரைகுறையாக ஞாபகம். எந்தப் பக்கம், அப்போது அவளுக்கு என்ன வயது என்று நினைவிருந்தால் எழுது. சும்மாதான் கேட்கிறேன்.

அன்புடன்,
அக்கா


ஆகஸ்ட் 2

அக்கா,

சால்வை நன்றாக இருக்கிறது. பேனாக்களைப் பெண் பத்திரமாக வைத்திருக்கிறாள். நீ இவ்வளவு அன்பாக எழுதி நான் பார்த்ததே இல்லை. படித்துவிட்டு எனக்குப் பயமாகக்கூட இருந்தது, போ.

அம்மாவுக்கு நாற்பத்தாறு. இடது பக்கம். கடைசி வருஷம் முழுக்க என்னைப் பக்கத்தில் படுக்க விடவில்லை. "வாடை அடிக்கும், தள்ளிப் படு" என்பாள். துணியை அவளே துவைத்து அவளே காயப்போடுவாள், அதுவும் எல்லாத் துணிக்கும் பின்னால் மறைத்து. வயிற்று வலி என்று அவள்தான் சொன்னாள். மார்பில் வலி என்று ஆண்கள் முன்னால் எப்படிச் சொல்வது? எங்கே வலிக்கிறது என்று யாரும் தொட்டுப் பார்க்கவில்லை. நானும்தான்.

இதை ஏன் இப்போது கேட்கிறாய்?

எனக்கு இடது கை வீங்கியிருக்கிறது. வளையலை எண்ணெய் போட்டுக் கழற்றினேன். சந்தை ஊர் டாக்டர் "நீர் கோத்திருக்கு" என்று வேறொரு களிம்பு கொடுத்தார். அவரிடம் இருக்கிற களிம்பு எல்லாம் என் வீட்டில்தான் இருக்கிறது.

கவர் வந்தால் அனுப்பு. மறக்காதே.

தங்கை


ஆகஸ்ட் 28

அன்புத் தங்கைக்கு,

பதில் போட நாளாகிவிட்டது. எனக்குக் கொஞ்சம் உடம்பு சரியில்லை. பெண்களுக்கு இந்த வயதில் வருகிற கர்ப்பப்பைத் தொந்தரவுதான், பயப்பட ஒன்றும் இல்லை. ஆபீசுக்கு நீண்ட லீவு போட்டிருக்கிறேன். எழுத்து கோணலாக இருந்தால் கண்டுகொள்ளாதே. படுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

கவர் வரவில்லை. கை வீக்கத்தை அலட்சியம் செய்யாதே, நல்ல டாக்டரிடம் காட்டு.

அக்கா


செப்டம்பர் 19

அக்கா,

உன்னிடம் சொல்லாமல் சிட்டிக்கு வந்து போனேன். உன் தெரு முனையைத் தாண்டித்தான் பஸ் போயிற்று. உடம்பு சரியில்லாதவளை ஏன் எழுப்ப வேண்டும் என்று இறங்கவில்லை.

மூன்று வாரமாக முதுகு வலி. நர்ஸம்மா என்னைத் திட்டவே திட்டினாள். "லெட்டர் லெட்டர்னு உக்காந்திருந்தீங்களே, ஒரு நடை போயிருக்கக் கூடாதா?" என்று கேட்டவள், கடைசியில் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். அறுபது வீட்டுப் பாலையும் அவள் தம்பி தலையில் கட்டிவிட்டுக் கிளம்பினேன்.

ஆஸ்பத்திரிக் கூடத்தில் இரண்டு வரிசை பெஞ்சு. ஜன்னல் ஓரத்துப் பெஞ்சில் நகரத்துப் பெண்கள். வருஷா வருஷம் படம் எடுத்துக்கொள்கிறவர்கள். ஒருத்தி தன் படத்தைத் தூக்கிக் காட்டி, "இதோ பாருங்க, இந்தப் புள்ளி. இதுக்குப் போயி எங்க வீட்ல ஒரே அழுகை" என்றாள். நானும் பார்த்தேன். எறும்பு கடித்த அளவுகூட இல்லை. பதினைந்து நாளில் எடுத்துவிடுவார்களாம். சுவர் ஓரத்துப் பெஞ்சில் நாங்கள். எங்களில் யாரும் புள்ளியோடு வரவில்லை. துணி கட்டிக்கொண்டு வந்தோம். ஒவ்வொருத்தியும் உள்ளே போகும்போது டாக்டர் ஒரே கேள்வியைத்தான் கேட்டார், வெளியே வரைக்கும் கேட்டது: "இத்தனை நாள் என்னம்மா பண்ணிட்டிருந்தீங்க?"

என்னையும் கேட்டார். "காத்திட்டிருந்தேன் சார்" என்றேன்.

ஈரல், முதுகெலும்பு இரண்டுக்கும் போய்விட்டது. ஆபரேஷன் செய்து பிரயோஜனம் இல்லை. பத்து நாள் கதிர்வீச்சு, அதான் கரண்ட், வைத்தால் முதுகு வலி குறையும், மற்றபடி மாத்திரை. "ஜூலையில வந்திருந்தா கதையே வேற" என்றார் டாக்டர். எப்படி வேறே என்று கேட்டேன். "உயிரோட இருக்கற கதை" என்றார். கெட்டவர் இல்லை, களைத்துப் போயிருந்தார்.

ஜூலையில் எனக்குக் கடிதம் போட்டதாக ஃபைலில் இருக்கிறதாம். "உடனே வரவும்" என்று சிவப்பு மையில் எழுதி. அது எங்கே போயிற்று, அக்கா? உங்கள் தெருத் தபால்காரர் எப்படிப்பட்டவர்?

தங்கை


செப்டம்பர் 25

என் செல்லத் தங்கைக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஐயோ, உனக்கா இப்படி வர வேண்டும்?

எங்கள் தபால்காரனைப் பற்றிக் கேட்டாய். சுத்த மோசம். குடிகாரன். எதிர்வீட்டுக்காரரின் வேலை உத்தரவையே சாக்கடையில் போட்டுவிட்டுப் போனவன். உன் கவரையும் எங்கே எறிந்தானோ. நான் தபால் ஆபீசுக்குப் புகார் எழுதத்தான் போகிறேன், விடமாட்டேன்.

ஆனால் நீயும் கொஞ்சம் யோசித்திருக்க வேண்டும். கை வீங்கியபோதே வந்திருக்கலாமே. மாடும் பாலும்தான் பெரிது என்று இருந்துவிட்டாய். கிராமத்தில் இருக்கிறவர்களுக்கு உடம்பு கடைசிதான், என்ன சொன்னாலும் ஏறாது.

பத்து நாள் கரண்ட் வைக்க நீ இங்கேயே வந்து தங்கிக்கொள்ளலாம். இந்த மாதம் மட்டும் வேண்டாம், வீட்டுக்கு வெள்ளையடிக்கிறார்கள். அடுத்த மாதக் கடைசியில் வா. நானே கூட்டிக்கொண்டு போகிறேன்.

கண்ணீருடன்,
அக்கா


அக்டோபர் 3

அக்கா,

தபால்காரனைத் திட்டாதே, பாவம். குடித்துவிட்டு அவ்வளவு அழகாக எழுத யாராலும் முடியாது.

உன் கவர் என் மடியில் இருக்கிறது. ஃபைல் எடுத்துக் கொடுக்கிற பெண்மணி, "நாங்க அனுப்பாம இல்லைங்க, திரும்பி வந்துடுச்சு, நீங்களே பாருங்க" என்று எடுத்து நீட்டினார். கவர் மேல் பேனாவால் எழுதியிருக்கிறது: "இந்த முகவரியில் அப்படி ஒருவரும் இல்லை. திருப்பி அனுப்பவும்." கீழே ஜூலை 3 என்று தேதி. தேதி போடாமல் உனக்கு எதையும் எழுத வராதே. இந்தக் கையெழுத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் நான் எழுதப் பழகினேன். எழுத்துக் கூட்டிப் படிக்க வேண்டிய அவசியமே இல்லை. உன்னைப் பார்த்த மாதிரி இருந்தது.

வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன், கொடுத்துவிட்டார். போன கடிதத்தை எழுதும்போது அது என் பக்கத்தில்தான் இருந்தது. நீ உண்மையைச் சொல்வாயா என்று பார்க்கத்தான் தபால்காரரைப் பற்றிக் கேட்டேன். அதற்குள் ஒரு மனுஷனைக் குடிகாரனாக்கி, சாக்கடை வரை இழுத்துக்கொண்டு போய்விட்டாய்.

இன்னும் இருக்கிறது. அந்தப் பெண்மணி பதிவேட்டைப் புரட்டிவிட்டு, "இதே விலாசத்துல இன்னொருத்தர் ஃபைல் இருக்கே, ஜூலை எட்டாம் தேதி பதிஞ்சிருக்காங்க, அவங்க யாரு?" என்றார். யாரோ தெரியாது என்று சொல்லிவிட்டேன். உனக்குச் சிக்கல் வரக் கூடாது பார்.

கவரைத் திருப்பியது மூன்றாம் தேதி. நீ போய்ப் பார்த்துக்கொண்டது எட்டாம் தேதி. அம்மாவுக்கு எந்தப் பக்கம் என்று என்னைக் கேட்டது பதினேழாம் தேதி. நான்தான் பதில் எழுதினேன். வயது உட்பட.

உனக்கு எந்த ஸ்டேஜ்? கர்ப்பப்பை என்று எழுதாதே.

தங்கை


அக்டோபர் 12

தங்கைக்கு,

முதல் ஸ்டேஜ். பட்டாணி அளவுகூட இல்லை. ஆகஸ்ட் ஆறாம் தேதி எடுத்துவிட்டார்கள். வெள்ளையடிப்பு எதுவும் நடக்கவில்லை. இருபத்தைந்து நாள் கரண்ட் வைத்தார்கள், வீட்டிலிருந்து பஸ்ஸில் இருபது நிமிஷம். நேற்றோடு முடிந்தது. எனக்கு ஒன்றும் ஆகாது என்று சொல்லிவிட்டார்கள். இதை எழுதக் கூசுகிறது. ஆனால் நீ உண்மை கேட்டாய்.

அன்றைக்குக் கவர் வந்தபோது அத்தான் கூடத்தில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். தபால்காரர் உன் பெயரைச் சத்தமாகப் படித்தார். அத்தான், "யாரு, உன் தங்கச்சி பேரா இருக்கு?" என்று தலையைத் தூக்கினார். எனக்கு அவரைப் பார்த்தும் பயம், உன்னை நினைத்தும் எரிச்சல். நீ படிக்கட்டில் சொன்ன வார்த்தை ஒரு மாதமாக என்னைத் தின்றுகொண்டிருந்தது. பிள்ளையில்லாத வீடு என்றாயே. "அதே பேர்ல வேற யாரோ, தப்பா வந்திருக்கு" என்று சொல்லிவிட்டு, ஆபீஸ் பேனாவை எடுத்து அங்கேயே எழுதிக் கொடுத்தேன். எழுதும்போது, இனி உன் விலாசத்தை நீயே பார்த்துக்கொள் என்று நினைத்தேன். கொஞ்சம் திருப்தியாகக்கூட இருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அதற்குள் என்ன இருக்கிறது என்று யோசிக்கவில்லை.

இருவரும் போன பிறகுதான் அந்த ஆஸ்பத்திரி முத்திரை கண்ணுக்குள்ளேயே நின்றது. குளிக்கும்போது என்னை நானே தொட்டுப் பார்த்தேன். ஏதோ தட்டுப்பட்டது. உன் கவர் வராமல் இருந்திருந்தால் நான் பார்த்திருக்கவே மாட்டேன். டாக்டர் என்னைப் பாராட்டினார் தெரியுமா? "இவ்வளவு சீக்கிரமா வந்தீங்களே, ரொம்ப கவனமா இருக்கீங்க" என்றார்.

அப்போதே உனக்கு எழுதியிருக்கலாம். ஓடி வா என்று ஒரு வரி. ஒவ்வொரு தடவையும் தாளை எடுத்தேன். எழுதினால், "உனக்கு எப்படித் தெரியும்?" என்று நீ கேட்பாய். கவரைத் திருப்பினேன் என்று சொல்ல வேண்டி வரும். அவர்களே இன்னொரு கடிதம் போடுவார்கள், போடுவார்கள் என்று நாளை ஓட்டினேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நீயாகக் கண்டுபிடித்தால் தாங்க மாட்டேன். அம்மாவைப் பற்றிச் சொன்னதும் டாக்டர், "கூடப் பொறந்த பொண்ணுங்க இருக்காங்களா? எந்த ஊர்ல இருந்தாலும் நாங்களே லெட்டர் போட்டுக் கூப்பிடுவோம். வெளியூர்க்காரங்கன்னாலும் பரவாயில்லை" என்றார். உன் பெயரைச் சொன்னால் அந்த ஃபைலும் அந்தக் கவரும் வெளியே வரும் என்று பயந்துவிட்டேன். "கூடப் பொறந்தவங்க யாரும் இல்லை சார்" என்றேன். அவர் அதை எழுதிக்கொண்டார்.

நான் பாவி. என்னை என்ன வேண்டுமானாலும் திட்டு. இப்போதே வா, உன்னைத் தோளில் சுமந்துகொண்டு போகிறேன். அத்தானிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், அவர் மூன்று நாளாக என்னோடு பேசவில்லை. நான் என்ன செய்ய வேண்டும் சொல். எதுவானாலும் செய்கிறேன். எதுவானாலும்.

அக்கா


நவம்பர் 21

அக்கா,

இதைப் பிரிக்காமல் கொண்டுவந்த என் பெண் உன் எதிரில் நிற்கிறாள். முதலில் அவளை உட்காரச் சொல்லு, தண்ணீர் கொடு. அதன்பிறகு படி. அவள் வரும்போது என் காரியமெல்லாம் முடிந்திருக்கும். எத்தனை நாள் கஷ்டப்பட்டேன் என்று அவளிடம் கேட்காதே. பார்த்தவளுக்கே அது போதும்.

என்னால் உட்கார்ந்து எழுத முடியவில்லை. அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன்.

எதுவானாலும் செய்கிறேன் என்றாய். அவளை வைத்துக்கொள். இவர் லாரியோடு போய்விட்டால் அவளுக்கு இங்கே யாரும் இல்லை. நர்ஸ் படிப்புக்கு அங்கே இடம் கிடைத்திருக்கிறது. அம்மா, நான், நீ என்று மூன்று பேர் ஆகிவிட்டதால், அவளை வருஷா வருஷம் பரிசோதிக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இங்கே இருந்தால் களிம்புதான் கிடைக்கும். உன் விலாசத்தில் அத்தான் கையாலேயே அவள் பெயரைப் பதிந்துவிடு. இந்தத் தடவை பொய் இல்லை, அவள் அங்கேதான் இருக்கப் போகிறாள். அவளை நீ நன்றாகப் பார்த்துக்கொள்வாய். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. என்னைப் பார்த்துக்கொள்ளாததையும் சேர்த்துப் பார்த்துக்கொள்வாய்.

அந்தக் கவரை அவளிடம் கொடுத்துவிட்டேன்.

"இதை யாரும்மா எழுதினது?" என்று கேட்டாள். "தெரியலைடி, சிட்டியில யாரோ. அவங்க மட்டும் வாங்கி வச்சிருந்தா அம்மா பொழச்சிருப்பேன்" என்றேன். கவர் மேல் இருக்கிற விலாசம் உன்னுடையதுதான். "தப்பா பக்கத்துத் தெருவுல குடுத்திருப்பாங்க, அங்க யாரோ எழுதித் திருப்பிட்டாங்க, பெரியம்மாவுக்குத் தெரியவே தெரியாது" என்று நானே சொல்லி வைத்தேன். அவள் நம்புகிறாள். உன் பேரில் அவளுக்கு அவ்வளவு பிரியம். நர்ஸம்மாவிடம் காட்டினாள், தன் பள்ளிக்கூட வாத்தியாரிடம் காட்டினாள், தபால் ஆபீசில் காட்டினாள். "சிட்டிக்குப் போயி ஒவ்வொரு வீடாக் கேட்டாவது கண்டுபிடிக்கிறேம்மா, எழுதினவங்க மூஞ்சிய ஒரு தடவை பாத்துடறேன்" என்று என் கையில் அடித்துச் சத்தியம் செய்தாள். பிடிவாதத்தில் உன்னையே உரித்து வைத்திருக்கிறாள். சான்றிதழ்களோடு அந்தக் கவரையும் பையில் வைத்திருக்கிறாள். ஒவ்வொரு எழுத்தும் அவளுக்கு மனப்பாடம்.

பால் நிலையத்துக்கு வந்த உன் கடிதங்களை எல்லாம் அங்கேயே அடுப்பில் போட்டுவிட்டேன். அவள் உன் கையெழுத்தை இதுவரை பார்த்ததில்லை.

இது அவளுக்கும் கெடுதல்தான் என்று தெரியும். பெற்றவள் செய்கிற வேலையா என்று யோசித்துப் பார்த்தேன். எல்லாவற்றையும் எரித்துவிட்டு, அக்காவை மன்னித்தேன் என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போய்ச் சேரலாம் என்று நான்கு நாள் முயற்சி செய்தேன். வரவில்லை, அக்கா. என்னால் நல்லவளாகச் சாக முடியவில்லை. கூடப் பிறந்தவர்கள் யாரும் இல்லை என்று நீ சொன்ன இடத்துக்கு வரும்போதெல்லாம் மனசு கல்லாகிவிடுகிறது.

இனிமேல் வீட்டில் எதுவும் எழுதாமல் இருந்துவிடலாம் என்று இந்நேரம் நினைத்திருப்பாய். கடைச் சீட்டு வேண்டாம், கதவில் குறிப்பு வேண்டாம், கை வலிக்கிறது என்று சொல்லிக்கொள்ளலாம் என்று. உன்னை எனக்குத் தெரியாதா?

நர்ஸ் பள்ளியில் சேர ஒரு படிவம் இருக்கிறது. காப்பாளர் பகுதியைக் காப்பாளரே தன் கைப்பட நிரப்ப வேண்டும். பெயர், முகவரி, இந்த முகவரியில் வசிப்பவர் யார் யார், உறவுமுறை, தேதி. கடைசி நாளுக்கு முந்தின நாள்தான் உன்னிடம் வர வேண்டும் என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன், உன்னால் தள்ளிப்போட முடியாது. பெரியம்மா படித்து முடித்துக் கடிதத்தை மடித்ததும் படிவத்தையும் பேனாவையும் கொடு, பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிரு என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

உன் தங்கை